இணைவர் கறுப்பையாவின் கதிரை

கறுப்பையா இறந்த பிறகு ஒரு சிகரட்கூடப் புகைக்கவில்லை என்பதை மத்திய மலைநாட்டுப் புகைவிடு நிலையம் உடனே நம்பிவிடவில்லை. ஒரு நோயாளி வாரக் கூட்டத்துக்கு வராவிட்டால் எங்கேயோ மறைந்து நின்று ஊதிக்கொண்டிருக்கிறார் என்பதுதான் அந்த நிலையத்தின் அனுபவம். அனுபவத்தை மாற்றிக்கொள்ள அதற்குச் சில வாரங்கள் எடுத்தன.

மரணச் செய்தியைக் கொண்டுபோனவர் அக்குறணை இப்திகார். மாத்தளை வீதியில் பிளாஸ்டிக் வாளி, அலுமினியப் பானை, தும்புத்தடி விற்கிற கடை அவருடையது. மீசை முளைக்கும் முன்பே சிகரட்டுக்குப் பழகியவர். ஐம்பதை நெருங்கும்போது இடக்கால் பெருவிரல் முதலில் நீலமாகி, பிறகு கறுத்தது. காலை அமுக்கிப் பார்த்த சத்திரசிகிச்சை டொக்டர் சுற்றிவளைத்துப் பேசவில்லை. "புகை இரத்தக்குழாயை அடைச்சுக்கொண்டு வருது. இப்ப விட்டா விரலோட போகும். விடாட்டிக் கணுக்கால். அதுக்குப் பிறகு முழங்கால்" என்றார். விட்டுவிட்டதாகப் புகைவிடு நிலையம் கடிதம் தந்தால்தான் கத்தி எடுப்பேன், புகைக்கிறவனுக்கு வெட்டிய இடமும் ஆறாது என்றும் சொன்னார்.

ஆகவே இப்திகார் சிகரட்டை விட வேண்டும். விட்டார் என்று நிலையம் சொல்லவும் வேண்டும். இதில் முதலாவது சுலபம் என்று பிற்பாடு அவருக்குத் தோன்றியது.

நிலையம் கண்டி நகரத்துக்கு மேலே, செங்குத்தான ஒழுங்கை ஒன்றின் உச்சியில் இருந்தது. நெஞ்சு இழுப்பவர்களும் கால் கறுத்தவர்களும் ஏறி வருவதற்கு ஏற்ற இடம் என்று யாரோ கவனமாகத் தேர்ந்தெடுத்திருந்தார்கள். உள்ளே மருந்து, மனவுறுதி, சக துணை என்று மூன்று பிரிவுகள். மருந்துப் பிரிவில் ஒரு வெள்ளை மாத்திரை கொடுத்தார்கள். அது உண்மையாகவே வேலை செய்தது. சிகரட் நினைப்பு வந்தாலும் கழுத்தைப் பிடிக்காமல் சட்டையைப் பிடித்து இழுக்கிற அளவுக்குத் தணிந்தது. மனவுறுதிப் பிரிவில் உத்தியோகத்தர் பதவி வெற்றிடமாக இருந்தது. ஆனாலும் அறையைப் பூட்டிவைக்கவில்லை. நோயாளிகள் ஒவ்வொருவராக உள்ளே போய், ஆளில்லாத மேசைக்கு எதிரே சிறிது நேரம் உட்கார்ந்துவிட்டு வெளியே வருவார்கள். வாசலில் காவற்காரர் அட்டையில் முத்திரை குத்துவார். மனவுறுதி அந்த வாரத்துக்கு ஏறிவிட்டது என்று பொருள்.

மூன்றாவது பிரிவுதான் நிலையத்தின் பெருமை. அங்கே யாரையும் தனியாகச் சேர்ப்பதில்லை. இரண்டிரண்டு பேராகச் சேர்த்தார்கள். ஒருவருக்கு மற்றவர் 'இணைவர்'. தன் மாத்திரையைத் தன் கையால் வாங்கக் கூடாது. இவருடைய மாத்திரை அட்டையை அவரிடம் கொடுப்பார்கள், அவருடையதை இவரிடம். இருவரும் நேருக்கு நேர் உட்கார்ந்து மாற்றிக்கொள்ள வேண்டும். ஒருவர் வழுக்கிவிட்டால் இருவருக்கும் மாத்திரை நிற்கும், கடிதமும் நிற்கும். பணிப்பாளர் டொக்டர் யசோதினி இதை யாழ்ப்பாணத்திலிருந்து மாற்றலாகி வந்த நாளில் கண்டுபிடித்தார். "மனுசன் தன்ர காலுக்குப் பயப்பிடமாட்டான். மற்றவன்ர வாய்க்குத்தான் பயப்பிடுவான்" என்பது அவருடைய ஆராய்ச்சியின் சாரம்.

இப்திகாருக்கு வாய்த்த இணைவர் பன்வில கறுப்பையா. தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து லொறிக்கு மூட்டை ஏற்றுகிறவர், நெஞ்சு விசில் அடிக்கிற ஆள். சேர்கிற அன்று வாசலுக்கு வெளியே மிஞ்சியிருந்த ஒரே சிகரட்டை இருவரும் பாதிப்பாதியாக இழுத்தார்கள்.

"ஒரே எச்சி குடிச்சாச்சு நானா. இனிமே நாம சொந்தக்காரங்க" என்றார் கறுப்பையா.

பிறகு உள்ளே போய், எல்லோரும் லைட்டர்களையும் நெருப்புப் பெட்டிகளையும் பித்தளைத் தட்டில் ஒப்படைத்தார்கள். அதன்பின் மங்கள விளக்கேற்ற நெருப்பில்லாமல் போய்விட்டது. ஒப்படைத்ததில் ஒரு பெட்டியைத் தற்காலிகமாகப் பெற்று, ஏற்றிவிட்டு, மீண்டும் ஒப்படைத்தார்கள். அது கறுப்பையாவின் பெட்டி.

வாராவாரம் மாத்திரை மாற்றுகையில் கறுப்பையா அட்டையை நீட்டி, "இந்தாங்க நானா, ஒங்க காலு" என்பார். இப்திகார் மற்ற அட்டையை நீட்டி, "இந்தாங்க, ஒங்கட நெஞ்சு" என்பார். நிலையத்தின் முழு வேலைத்திட்டத்திலும் இப்திகாருக்கு உதவிய வாசகங்கள் இவ்வளவுதான்.

பிறகு ஒரு காலை தேயிலை மலையில் குளவிக் கூடு கலைந்தது. கொழுந்து பறித்த பெண்களைக் கீழே ஓடச் சொல்லிவிட்டுக் கறுப்பையா பின்னால் நின்றார். ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியிலேயே முடிந்துவிட்டது. செத்த வீட்டில் இப்திகார் ஓரமாக நின்றபோது இரண்டு பேர் பேசிக்கொண்டது காதில் விழுந்தது.

"எப்பவும் பையில தீப்பெட்டி வச்சிருப்பாருப்பா. காஞ்ச மானாப் புல்லக் கொளுத்தி வீசியிருந்தா கொளவி ஒதுங்கியிருக்கும்."

"அத எங்கயோ கண்டியில குடுத்துட்டாராம்ல."

இப்திகார் வீட்டுக்கு வந்து குளித்தார். காதில் விழுந்தது குளித்துப் போகவில்லை.

அடுத்த கூட்டத்துக்கு அவர் தனியாகப் போனார். சக துணைப் பிரிவின் ஒருங்கிணைப்பாளர் ஜீவன், கழுத்துப்பட்டியும் கனிவான முகமும் உள்ளவர், தோட்டத்தில் பிறந்து படித்து முன்னேறியவர், கதவுக்குப் பின்னால் எட்டிப் பார்த்தார்.

"இணைவர் வரலியா?"

"அவர் மௌத்தாகிட்டார் தம்பி."

"ரொம்ப வருத்தம் நானா. வரலியா?"

"மௌத்தாகிட்டார் எண்டு சொல்றன்."

"வெளங்குது. ஆனா சுற்றறிக்கையில வெலகுறதுக்குன்னு வழி இருக்குல்ல? திரும்பக் குடிச்சவங்க, மாவட்டம் மாறுனவங்க, வெளிநாடு போனவங்க. இவரு எதுல வர்றாரு சொல்லுங்க."

இப்திகார் யோசித்தார். "வெளிநாடு எண்டு போடுங்களே."

"பாஸ்போர்ட் நம்பர் கேப்பாங்க நானா."

மாத்திரை கிடைக்கவில்லை. அதற்கடுத்த கூட்டத்திலும் கிடைக்கவில்லை. இப்திகார் பல்லைக் கடித்துக்கொண்டு இருந்தார். கடையில் வாளி வாங்க வந்தவரின் சட்டையிலிருந்து வந்த புகை வாசத்துக்காக அந்த ஆளோடு தேவையில்லாமல் பேரம் பேசி நிறுத்திவைத்தார். மனைவி ஜெஸீமா ராவில் அவருடைய விரல்களை முகர்ந்து பார்த்துவிட்டுத்தான் படுத்தாள்.

கடைசியில் மரண அத்தாட்சிப் பத்திரத்தின் பிரதி டொக்டர் யசோதினியின் மேசைக்குப் போனது. அவர் அதைக் கவலையோடு எடுத்து, நடுவில் ஓரிடத்தில் விரலை வைத்து, முகம் மலர்ந்தார்.

"குளவியோ? புகையிலையால இல்லைத்தானே?"

"இல்ல டொக்டர். குளவி."

"அப்ப அவர் தோற்கேல்லை! ஏன் விலக்க வேணும்? சேர்ந்த நாளில இருந்து ஒரு சிகரட்டும் பத்தேல்லை. இனிப் பத்தவும் மாட்டார். ஜீவன், இவரைத் தொடர்ந்து வைச்சிருங்கோ."

"இணைவராவா மெடம்?"

"ஓம். இதைவிட நம்பிக்கையான இணைவர் எங்க கிடைக்கும்?"

அப்படித்தான் கறுப்பையாவுக்கு ஒரு கதிரை போடப்பட்டது. வட்டத்தில், இப்திகாருக்கு நேர் எதிரே. இப்திகாரின் மாத்திரை அட்டையை ஜீவன் அந்தக் கதிரையின் மேல் வைப்பார். இப்திகார் எழுந்து போய் அதை எடுத்துக்கொண்டு, கறுப்பையாவின் அட்டையை அங்கே வைக்க வேண்டும். சுற்றியிருப்பவர்கள் கைதட்ட வேண்டும்.

முதல் நாள் கதிரைக்குக் கிட்டப் போனதுமே பீடி வாசம் வந்தது. கறுப்பையாவின் பழைய வாசம்: மழையில் நனைந்த சாக்கு, கொழுந்து, பீடி மூன்றும் கலந்தது. இப்திகார் வாய்க்குள் ஓதிக்கொண்டு அட்டையை எடுத்தார். பிளாஸ்டிக் கதிரை இளஞ்சூடாக இருந்தது. யன்னல் வெயில் அந்தப் பக்கம் படுவதில்லை.

கூட்டம் முடிந்து பார்த்தால், அவர் வைத்த அட்டை கதிரையில் இல்லை.

"தம்பி, அந்த மாத்திரைய ஆரு எடுத்த?"

"இணைவர்" என்றார் ஜீவன். அவர் சிரிக்கவில்லை. பகிடி விடுகிற ஆளும் அவர் இல்லை.

வாரங்கள் போகப்போக வட்டத்தில் கறுப்பையாவின் மரியாதை கூடியது. யாராவது வழுக்கினால் டொக்டர் அந்தக் கதிரையைக் காட்டிப் பேசுவார். பல்லேகலத் தொழிற்சாலையில் வேலை செய்கிற மோகனராஜ், சம்பள நாளில் ஒன்று புகைத்துவிட்டதாக ஒத்துக்கொண்டபோது, "கறுப்பையாவுக்குச் சம்பளமே இல்லை. அவர் பத்தினவரோ?" என்று டொக்டர் கேட்டார். மோகனராஜ் தலைகுனிந்தான். பிறகு தேநீர் நேரத்தில் இப்திகாரின் அருகே வந்து, "அவருக்கென்ன நானா, நுரையீரலே இல்ல. நானும் அப்புடி இருந்தா விட்டுருவேன்" என்று முணுமுணுத்தான். சொன்னவன் உடனே கதிரையைத் திரும்பிப் பார்த்து, கையெடுத்துக் கும்பிட்டான்.

கொழும்பிலிருந்து மதிப்பீட்டுக் குழு வந்த அன்று டொக்டர் யசோதினி உரையாற்றினார்.

"எங்கட நிலையத்தில ஒரு முறைகூடத் திரும்பிப் பார்க்காதவர் இணைவர் கறுப்பையா ஒராள்தான். கலியாண வீடு, செத்த வீடு, கிரிக்கெட் மட்ச் ஒண்டுமே அவரை அசைக்கேல்லை. தன்ர செத்த வீட்டிலயே அசையேல்லை. உண்மையைச் சொன்னால், உயிரோட இருக்கிற நோயாளியள் எங்கட புள்ளிவிவரத்துக்கு ஒத்துழைக்கினம் இல்லை. நாங்கள் இவ்வளவு பாடுபட்டும் அவையளுக்கு ஆசை வருது. இந்த முறையை மற்ற மாவட்டங்களுக்கும் விரிக்க வேணும் எண்டு நான் பணிவோட முன்மொழியிறன்."

குழுவினர் கைதட்டினார்கள். ஒருவர் எழுந்து கதிரைக்குப் பொன்னாடை போர்த்தினார். வெறும் கதிரையின் முதுகில் போட்ட துணி வழுக்கி விழும் என்று இப்திகார் எதிர்பார்த்தார். அது விழவில்லை. தோள்கள் இரண்டு இருக்கிற மாதிரி இரு பக்கமும் தூக்கி நின்றது.

அந்த வாரத்தில்தான் கறுப்பையாவின் மனைவி பேச்சியம்மா கடைக்கு வந்தாள். பன்வில பஸ்ஸில் வந்து, வத்தேகமவில் மாறி, கண்டியில் இன்னொருமுறை மாறி வந்த களைப்பு முகத்தில் இருந்தது. ஜெஸீமா கொடுத்த பிளேன்ரீயைக் கையில் வைத்துக்கொண்டு குடிக்காமல் இருந்தாள்.

"தெனமும் வர்றாரு நானா. உள்ள வரமாட்டேங்கிறாரு. வாசப்படியில நின்னுக்கிட்டுச் சட்டப் பையத் தட்டித்தட்டிப் பாக்குறாரு. எதையோ தொலச்ச மாதிரி."

இப்திகார் ஒரு வாளியைக் கவிழ்த்து வைத்து எதிரே உட்கார்ந்தார்.

"வர்ற வெள்ளிக்கெழம படையல் போடுறோம். கறி, சோறு, அவருக்குப் புடிச்சதெல்லாம் வைப்போம். ஒரு சிகரட்டும் வைக்கணும். சும்மா வச்சா ஆகாது, பத்த வச்சு வைக்கணும். எங்க பக்கம் கடைசியா அவங்ககூடக் குடிச்சவங்க கையாலதான் அதச் செய்வாங்க. அது நீங்கதான்."

"தங்கச்சி, எங்கட மார்க்கத்தில இதெல்லாம்..."

"நீங்க கும்புட வேணாம் நானா. பத்த வச்சுக் குடுத்தாப் போதும். ஒரே ஒரு இழுப்பு. இழுக்காம சிகரட்டு பத்தாதுல்ல."

அவள் போன பிறகு ஜெஸீமா சமையலறையிலிருந்தே பேசினாள். "ஏலாது எண்டு சொல்லியிரிக்கணும். ஒரு இழுப்பாம். ஒங்களுக்கு எப்பயாச்சும் ஒரு இழுப்போட நிண்டிரிக்கா?"

நிற்காது என்று இப்திகாருக்கும் தெரியும். அந்த ஒரு இழுப்பை நினைத்ததுமே வாயில் நீர் ஊறியது. கால்விரல் வலியும் ஒருமுறை சுண்டியது. ஆனால் வாசற்படியில் நின்று பையைத் தட்டுகிற ஆளின் தீப்பெட்டி பித்தளைத் தட்டில் போனதும் அவர் கண் முன்னால்தான். எதையும் முறைப்படி கேட்டுச் செய்கிற மனிதர் என்பதால், அவர் போய் நிலையத்திடமே ஆலோசனை கேட்டார்.

நிலையம் அன்று பிற்பகல் எல்லா வேலைகளையும் நிறுத்திவிட்டு அவசரக் கூட்டம் போட்டது.

"இணைவர் கறுப்பையா வெள்ளிக்கிழமை புகைக்கப் போறார்" என்று டொக்டர் யசோதினி வெளிறிய முகத்தோடு தொடங்கினார். "இது திட்டமிட்ட மறுபுகை. குடும்பத்தாரே தூண்டியிருக்கினம்."

"அவர் செத்தவர்தானே டொக்டர்" என்றார் இப்திகார்.

"செத்தவருக்குச் சிகரட் குடுக்கலாம் எண்டால், அவர் புகைக்கேல்லை எண்டு நான் கொழும்புக்கு எழுதினது பொய்யாயிடும். விளங்குதோ? அவர் பத்தினால் உங்கட இணை முறியும். மாத்திரை இல்லை, கடிதம் இல்லை. நீங்கள் பத்த வைச்சுக் குடுத்தால் நீங்களும் பத்தினதாத்தான் கணக்கு. உங்கட காலை யோசியுங்கோ."

"என்ட கால மட்டுந்தான் டொக்டர் யோசிச்சிக்கொண்டு இரிக்கிறன்."

வெள்ளிக்கிழமை காலை நிலையத்தின் வேன் பன்வில தோட்டத்து லயத்தின் வரிசை வீடுகளுக்கு முன்னால் வந்து நின்றது. 'மறுபுகைத் தடுப்பு நடமாடும் குழு' என்று பதாகை கட்டியிருந்தார்கள். டொக்டரும் ஜீவனும் இறங்கினார்கள். ஜீவன் கையில் ஊதிப் பார்க்கிற மெஷின் இருந்தது. வாயிலிருந்து வரும் காற்றில் புகை எவ்வளவு இருக்கிறது என்று எண்ணாகக் காட்டும் சாதனம் அது.

உள்ளே வாழையிலையில் சோறு, ஆட்டுக்கறி, அவித்த முட்டை, ஒரு கிளாஸ் சாராயம். சாம்பிராணி போட்டிருந்தார்கள். சுவரில் கறுப்பையாவின் படம். இலையின் வலது பக்கம், நடுவே, ஒரு சிகரட் பற்றவைக்காமல் கிடந்தது. பேச்சியம்மா அதன் அருகே உட்கார்ந்திருந்தாள்.

"அம்மா, உங்கட துக்கத்தில பங்குகொள்ளுறம்" என்று டொக்டர் யசோதினி கைகூப்பினார். "ஆனால் உங்கட அவர் அரசாங்கப் பதிவில வெற்றியாளர். அவரைக் கெடுக்காதையுங்கோ."

"யாரு மிஸ் கெடுக்குறா? கறியும் சாராயமும் வைக்கலாம், சிகரட்டு வைக்கக் கூடாதா?"

"சாராயம் வேற நிலையம் அம்மா. நாங்கள் தலையிடேலாது."

ஜீவன் முன்னே வந்து குரலைத் தாழ்த்தினார். அவருக்கு லயத்துப் பேச்சு வரும் என்பதால்தான் கூட்டி வந்திருந்தார்கள். "அக்கா, நாங்க ஒரேயடியா வேணாங்கல. இதுல நிக்கொட்டின் சுவிங்கம் இருக்கு. இதுவும் அதே ஆசையத்தான் தீர்க்கும். எலையில வச்சுப் பாருங்களேன்." அவர் குனிந்து ஒரு சுவிங்கத்தை மேலுறை பிரித்து, முட்டைக்குப் பக்கத்தில் பணிவாக வைத்தார்.

பேச்சியம்மா அதைப் பார்த்தாள். "அவருக்கு முன்னாடிப் பல்லே இல்லையே தம்பி."

கூடியிருந்தவர்களில் ஒருவர் கனைத்தார். அந்தக் கனைப்பு சுவரோரத்திலிருந்து வந்தது. சுவரோரத்தில் யாரும் இல்லை. கனைத்து முடித்த நெஞ்சு மெல்லிதாக விசிலடித்தது. டொக்டர் கழுத்தைத் திருப்பாமல் கண்ணை மட்டும் திருப்பினார்.

பேச்சியம்மா சிகரட்டை எடுத்து இப்திகாரிடம் நீட்டினாள். அவர் வாங்கிக்கொண்டார். எத்தனையோ வருடப் பழக்கம். விரல்களுக்கு இடையில் அது தானாகப் போய் இருந்துகொண்டது. பீடியும் சாக்கும் கலந்த அந்த வாசம் தோளுக்குப் பின்னால் வந்து நின்றது. கறுப்பையா பக்கத்தில் நிற்பதைப் போல, ஏதோ கேட்பதைப் போல. உதட்டுக்கு ஒரு சாண் தூரத்தில் இப்திகாரின் கை நின்றது.

அவர் படத்தைப் பார்த்துப் பேசினார்.

"கறுப்பையா, எனக்கு ஏலாது. ஒண்ட இழுத்தா நான் நிக்கமாட்டன். கால் இல்லாமப் பெய்த்திரும். ஒங்கட நெருப்புப் பெட்டிய நாங்கதான் வாங்கி வச்ச. அதுக்கு என்னால ஒண்டும் செய்ய ஏலாது. இத மட்டும் எங்கிட்டக் கேக்காதீங்க."

சிகரட்டை இலையருகே வைத்துவிட்டு, நின்ற இடத்திலேயே காலை நீட்டி உட்கார்ந்தார். செருப்பிலிருந்து வெளியே வந்த கட்டுப்போட்ட விரலைப் பேச்சியம்மா அப்போதுதான் முதன்முதலாகப் பார்த்தாள். வெகுநேரம் பார்த்தாள்.

"சொல்லியிருக்கலாம்ல நானா" என்றாள்.

பிறகு யாரும் தடுப்பதற்கு முன் சிகரட்டைத் தன் வாயில் வைத்து, சாம்பிராணித் தணலில் குனிந்து, இழுத்தாள். வாழ்க்கையில் முதல் தடவை. இருமி, கண்ணீர் வழிய, இன்னொரு தடவை இழுத்தாள். நுனி சிவந்து பிடித்ததும் இலையின் ஓரத்தில் வைத்தாள். புகை நேராக எழும்பி, சுவர்ப் பக்கம் வளைந்தது.

ஜீவன் கடமையிலிருந்து தவறவில்லை. மெஷினை இலைக்கு மேலே நீட்டினார். எண் ஏறிக்கொண்டே போனது. அவர் அதை டொக்டருக்குக் காட்டினார்.

"பத்திட்டார்" என்றார் டொக்டர் யசோதினி. உண்மையாகவே அழுதார். "என்ர ஒரேயொரு ஆள். செத்தாப் பிறகாவது ஒராள் எனக்காக விடுவார் எண்டு நினைச்சன்." வேனில் ஏறும்போது பொன்னாடையைத் திருப்பித் தரும்படி கதிரைக்குக் கடிதம் அனுப்பச் சொன்னார்.

இணை முறிந்தது. இப்திகாருக்கு மாத்திரையும் நின்றது, கடிதமும் நின்றது. "புதுசா ஒரு இணைவரக் கூட்டிட்டு வாங்க நானா, மொதல்ல இருந்து தொடங்குவோம்" என்றார் ஜீவன். மோகனராஜுக்கு ஏற்கெனவே இணைவர் இருந்தார். மற்றவர்களுக்கும் இருந்தார்கள். தனியாக மிஞ்சியவர்கள் தனியாகவே திரும்பவும் புகைக்கத் தொடங்கியிருந்தார்கள். "வேணும்னா இறந்தவங்க யாராச்சும் பதிவுல இருக்காங்களான்னு பாக்குறேன்" என்று ஜீவன் ஆறுதல் சொன்னார்.

கறுப்பு, விரலைத் தாண்டி மேற்பாதத்தில் ஏறியது. கடிதம் இல்லாமல் போன இப்திகாரைச் சத்திரசிகிச்சை டொக்டர் திருப்பி அனுப்பினார். அன்று வரும் வழியில் இப்திகார் ஒரு பெட்டிக்கடை முன்னால் வெகுநேரம் நின்று, கடைசியில் தண்ணீர்ப் போத்தல் ஒன்றை வாங்கிக்கொண்டு வந்தார். நாளைக்கும் தண்ணீர்தான் வாங்குவோம் என்று அவரால் சத்தியம் பண்ண முடியவில்லை.

மறுநாள், இணை முறிந்ததைக் கேள்விப்பட்ட பேச்சியம்மா தொலைபேசியில் கூப்பிட்டாள். ஒழுங்கையின் உச்சியில், நிலையத்தின் வாசலில் காத்திருப்பதாகச் சொன்னாள்.

"தம்பி, இங்க சிகரட்டு குடிச்சவங்க மட்டுந்தான் சேரலாமா?" என்று, இப்திகார் ஏறி வந்ததும், அவள் ஜீவனிடம் கேட்டாள்.

"ஆமாக்கா."

"நான் குடிச்சேன். நீங்க, மிஸ், எல்லாரும் பாத்தீங்க. என்னைய நானாவுக்கு இணையாப் போடுங்க."

இப்திகார் அவளைப் பார்த்தார். தன் காலுக்காக இவள் இத்தனை பஸ் மாறி வந்து பொய் சொல்கிறாளே என்று நினைத்தார். ஜீவனுக்கோ சந்தோஷம், சுற்றறிக்கைக்குள் இவ்வளவு சுத்தமாக அடங்குகிற நோயாளி அவருக்கு நீண்ட நாளாகக் கிடைத்ததில்லை. நேரில் கண்ட சாட்சிகள் அரசாங்க உத்தியோகத்தர்கள். டொக்டர் யசோதினியைக் கூட்டிவந்தார். முறைப்படி பேச்சியம்மாவை மெஷினில் ஊதச் சொன்னார்கள்.

எண் ஏறியது. படையலன்று பிடித்த இரண்டு இழுப்பு இத்தனை நாள் நிற்காது என்று அங்கிருந்த எல்லோருக்கும் தெரியும். ஜீவன் மெஷினைத் தட்டிவிட்டு இன்னொருமுறை ஊதச் சொன்னார். அதே எண்.

"எப்ப கடைசியாப் பத்தினீங்கள் அம்மா?" என்றார் டொக்டர்.

"காலையில." பேச்சியம்மா சேலைத் தலைப்பால் வாயைத் துடைத்தாள். "அன்னைக்குப் பத்த வச்சதும் அவரு வாசம் வந்துச்சு மிஸ். சட்டையில வருமே, அதே வாசம். அன்னைக்கு ராத்திரி அவரு பையத் தட்டல. சும்மா நின்னுக்கிட்டு இருந்தாரு. அதுல இருந்து தெனமும் ஒண்ணு பத்த வச்சு வாசப்படியில வைக்கிறேன். வச்சா அணைஞ்சு போயிருது. அணையாம இருக்க நாந்தான் இழுக்கணும். இப்ப அவரு வராட்டியும் இழுக்கணும் போல இருக்கு."

டொக்டர் யசோதினி பேனாவை எடுத்து, எங்கே எழுதுவது என்று தெரியாமல் கொஞ்ச நேரம் வைத்திருந்துவிட்டு, "மருந்து குடுங்கோ" என்று மட்டும் சொன்னார்.

இருவரும் அட்டைகளை வாங்கிக்கொண்டு ஒழுங்கையில் மெதுவாக இறங்கினார்கள். இப்திகார் நொண்டுவதற்கேற்ப அவளும் நின்று நின்று வந்தாள். கீழே, பிரதான வீதியில் பஸ்ஸுக்கு நின்றபோது, லொறியை ஓரங்கட்டிய சாரதி ஒருவன் கதவில் சாய்ந்து சிகரட் புகைத்துக்கொண்டிருந்தான். காற்று அந்தப் பக்கமிருந்து வந்தது. இப்திகாரின் நாக்கு ஈரமாகிப் பல்லைத் தேடியது. அவர் பேச்சியம்மாவைப் பார்த்தார். அவள் கண்ணை மூடிக்கொண்டு, முகத்தைச் சற்றுத் தூக்கி, வாசலில் யாரையோ உள்ளே அழைக்கிறவளைப் போல நின்றாள்.

இப்திகார் காலை இழுத்துக்கொண்டு போய், அவளுக்கும் புகைக்கும் நடுவில் நின்றார். இப்போது முழுப் புகையும் அவர் முகத்துக்கே வந்தது. அவர் வாயை இறுக மூடிக்கொண்டார்.

"நகருங்க நானா" என்றாள் பேச்சியம்மா, கண்ணைத் திறக்காமல். "கொஞ்ச நேரம். ஒரு நிமிஷம் நகருங்க."

இப்திகார் நகரவில்லை.